கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பிரிவு: ஆக்ஸ்பர்க் நகரத்தை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

பதினாறாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் திருச்சபை பிளந்த கதையைப் பள்ளியில் லூத்தருக்கும் போப்புக்கும் நடந்த சண்டையாகப் படித்திருப்போம். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம், தேர்வில் ஐந்து மதிப்பெண். கதை உண்மையில் பல நாடுகளில், நூற்றைம்பது ஆண்டுகள் ஓடுகிறது. சிதறிப்போகாமல் இருக்க, தெற்கு ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் என்ற ஊருக்கு அடிக்கடி திரும்பி வருவேன். சண்டைக்குக் காரணமான கடனைக் கொடுத்த வங்கி அந்த ஊர் வங்கி. லூத்தரை விசாரித்தது அங்கே. புராட்டஸ்டண்டுகளின் முதல் பெரிய விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்டதும், பெரிய சமாதான ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானதும் அங்கேதான். அப்புறம், இரண்டு கூட்டமும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்து பார்த்த ஊரும் அது.

சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

மனிதன் கடவுளுக்கு முன்னால் எப்படி நீதிமானாக நிற்க முடியும் என்ற கேள்விதான் அடியில் இருப்பது. மார்ட்டின் லூத்தர் அகுஸ்தீனார் சபைத் துறவி, விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமப் பேராசிரியர். எத்தனை நோன்பு இருந்தாலும், எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தாலும் மனம் அடங்காத ஆள். புதிய ஏற்பாட்டில் உள்ள பவுலின் ரோமர் நிருபத்தைப் படித்துப் படித்து அவர் வந்து சேர்ந்த இடம் இது: மீட்பு கடவுள் இலவசமாகக் கொடுப்பது, மனிதன் அதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிறான், சம்பாதிக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தை 'நல்ல காரியம் செய்தால் மோட்சம் என்று நம்பியவர்கள்' என்று சுருக்கிவிடுவது வழக்கம். அது நியாயமில்லை. தொடக்கம் கடவுளின் அருள்தான் என்று கத்தோலிக்கர்களும் சொன்னார்கள். அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்கிறான், அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற சடங்குகள்) வழியாக அதில் வளர்கிறான் என்பது அவர்கள் நிலை. வித்தியாசம் நூலிழை அளவுதான் என்று தோன்றும். அந்த இழையைப் பிடித்து இழுத்தால் குருவின் அதிகாரம், பூசை, துறவற மடங்கள், இறந்தவர்களுக்கான செபம் எல்லாம் கூடவே வந்துவிடும். இழுக்க இழுக்கக் கேள்வியே மாறியது: முடிவு சொல்லும் அதிகாரம் வேதாகமத்துக்கு மட்டுமா, அதை விளக்கும் திருச்சபைக்குமா?

'பாவமன்னிப்புச் சீட்டு' என்றால் காசு கொடுத்துப் பாவத்தைக் கழுவுவதா?

நம் பாடப்புத்தகங்களின் இந்தச் சொல்லே கொஞ்சம் திசைதிருப்புகிறது. திருச்சபையின் போதனைப்படி, மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தால் பாவம் மன்னிக்கப்பட்டுவிடும். ஆனால் அதற்கான தண்டனைக் கடன் பாக்கி இருக்கும். அதை இந்த வாழ்விலேயே தவம், தானம், யாத்திரை என்று தீர்க்க வேண்டும். மீந்ததை இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர்க்க வேண்டும். அந்தப் பாக்கியைக் குறைப்பதுதான் இந்தச் சலுகை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்றும் இதைப் 'பலன்', 'பரிபூரணப் பலன்' என்றுதான் சொல்கிறார்கள். சீட்டு என்பது அதற்கான அத்தாட்சிக் காகிதம், அவ்வளவுதான்.

1476-இல் போப் நான்காம் சிக்ஸ்துஸ் இந்தப் பலனை ஏற்கெனவே இறந்தவர்களுக்கும் பெற்றுத் தரலாம் என்று அறிவித்தார். விஷயம் அங்கேதான் சூடுபிடித்தது. செத்துப்போன அம்மா நெருப்பில் துடிக்கிறாள், உன் கையில் இருக்கும் காசு அவளை வெளியே கொண்டுவரும் என்று ஒருவர் சந்தையில் நின்று சொன்னால், யாருக்குத்தான் பையைத் திறக்காமல் இருக்க மனம் வரும்?

பணம் போன வழி இன்னும் சுவாரசியமானது. பிராண்டன்பர்க் அரச குடும்பத்தின் ஆல்பிரெக்ட் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிலேயே மாக்டபர்க் பேராயர். 1514-இல் மைன்ஸ் பேராயர் பதவியும் கிடைத்தது. வயதும் போதாது, ஒருவருக்கு இத்தனை பதவியும் கூடாது. விதிவிலக்கு வாங்க ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். ஆக்ஸ்பர்க்கின் ஃபுக்கர் வங்கி கடன் கொடுத்தது. கடனை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட அறிவிக்கப்பட்டிருந்த பலனை ஆல்பிரெக்ட் தன் பகுதிகளில் விற்க வேண்டும், பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுக்கருக்கு. யோகான் டெட்சல் என்ற தொமினிக்கன் துறவி பிரசங்கம் செய்து விற்றார். காசு வாங்கிய மக்களுக்கு அந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

லூத்தர் வாழ்ந்த சாக்சனியில் டெட்சல் நுழையவே இல்லை. அதன் அரசர் ஃபிரெடரிக் தடை போட்டிருந்தார். பக்தியால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவரிடமே ஆயிரக்கணக்கான புனிதப் பொருள்கள் கொண்ட சேகரம் இருந்தது, அதைத் தரிசித்தாலும் பலன் உண்டு. போட்டிக் கடையை யார் உள்ளே விடுவார்? விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டிப்போய் வாங்கி வந்து, தங்கள் குருவான லூத்தரிடம் காகிதத்தைக் காட்டினார்கள்.

லூத்தர் உண்மையிலேயே கோயில் கதவில் ஆணி அடித்தாரா?

தெரிந்தது இதுதான்: 1517 அக்டோபர் 31 அன்று பேராயர் ஆல்பிரெக்டுக்கு 95 கருத்துரைகளை இணைத்து ஒரு கடிதம் எழுதினார். கதவு, ஆணி, சுத்தியல் கதையைப் பரப்பியவர் அவருடைய நண்பர் மெலாங்க்தன், அதுவும் லூத்தர் இறந்த 1546-இல். மெலாங்க்தன் விட்டன்பர்க்குக்கு வந்ததே 1518-இல்தான். அந்தக் கதவு பல்கலைக்கழகத்தின் அறிவிப்புப் பலகை மாதிரி பயன்பட்டது என்பதால் ஒட்டியிருக்கவும் கூடும். ஒட்டியிருந்தாலும் இலத்தீனில் எழுதிய விவாத அழைப்பு அது. புரட்சிப் பிரகடனம் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

கருத்துரைகளில் சில நேராகக் குத்தும். போப்புக்கு ஆன்மாக்களை விடுவிக்கும் அதிகாரம் இருந்தால், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் காசு வாங்கி விடுவிப்பதை விட அன்பினால் எல்லோரையும் ஒரேயடியாக விடுவித்துவிடலாமே என்கிறது ஒன்று. இவ்வளவு பணக்காரரான போப் தன் சொந்தக் காசில் கோயில் கட்டக்கூடாதா என்கிறது இன்னொன்று. இவை சாதாரண மக்கள் கேட்கும் கேள்விகள் என்று சொல்லித்தான் லூத்தர் எழுதினார். ஊர் வாயை முன்னிறுத்தித் தன் மனதில் இருப்பதைச் சொல்லும் பழைய உத்தி.

ஹுஸ் எரிக்கப்பட்டார். லூத்தர் மட்டும் எப்படித் தப்பினார்?

நல்ல கேள்வி. லூத்தர் சொன்னவற்றில் பலவற்றை நூறாண்டுக்கு முன்பே பிராகாவில் யான் ஹுஸ் சொல்லிவிட்டார். பாதுகாப்புக் கடிதத்தை நம்பி கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்துக்குப் போனவரை 1415-இல் எரித்தார்கள்.

லூத்தருக்கு மூன்று விஷயங்கள் கைகொடுத்தன. முதலாவது, அவருடைய அரசர். 1518 அக்டோபரில் போப்பின் தூதர் கர்தினால் கயெத்தான் லூத்தரை ரோமுக்கு இழுக்காமல் ஆக்ஸ்பர்க்கிலேயே விசாரித்தார் என்றால், அது ஃபிரெடரிக் பேசி வாங்கிய சலுகை. விசாரணை நடந்தது ஃபுக்கர் மாளிகையில்! அதாவது சீட்டு விற்ற பணம் போய்ச் சேர்ந்த அதே வீட்டில். 'தவறு செய்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் கர்தினால். லூத்தர் சொல்லவில்லை, இரவோடு இரவாக ஊரை விட்டு வெளியேறினார். சில மாதங்களில், ஜெர்மன் சிற்றரசர்களுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமானியப் பேரரசர் மாக்சிமிலியன் இறந்தார். அடுத்த பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஃபிரெடரிக் ஒருவர். அவரைப் பகைத்துக்கொள்ள அந்த நேரத்தில் போப் பத்தாம் லியோவுக்கு மனமில்லை.

இரண்டாவது, அச்சு. ஹுஸின் எழுத்து கைப்பிரதியாகப் பரவியது. லூத்தரின் சின்னச் சின்ன ஜெர்மன் பிரசுரங்களை விட்டன்பர்க், லைப்சிக், ஆக்ஸ்பர்க், பாசல் அச்சகங்கள் அனுமதியெல்லாம் கேட்காமல் திரும்பத் திரும்ப அச்சடித்தன. அச்சகக்காரர்களில் எத்தனை பேர் விசுவாசத்துக்காக அடித்தார்கள், எத்தனை பேர் வியாபாரத்துக்காக என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. விற்றது, அதனால் அடித்தார்கள்.

மூன்றாவது, துருக்கியர். 1521-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசின் பேரவையில் இருபத்தோரு வயதுப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் லூத்தர் பின்வாங்க மறுத்தார். ('இதோ நிற்கிறேன்' என்ற புகழ்பெற்ற வரி பின்னால் அச்சில் சேர்க்கப்பட்டதாகவே தெரிகிறது.) சட்ட விரோதி என்று அறிவித்தாகிவிட்டது. ஆனால் பிடிப்பது யார்? சார்லஸுக்கு ஒரு பக்கம் பிரான்ஸோடு போர், இன்னொரு பக்கம் 1529-இல் வியன்னா வாசல் வரை வந்துவிட்ட ஒட்டோமான் படை. அதை எதிர்க்க லூத்தரை ஆதரித்த ஜெர்மன் சிற்றரசர்களின் படையும் பணமும் தேவைப்பட்டன.

பைபிளை முதன்முதலில் ஜெர்மனில் கொடுத்தவர் லூத்தர்தானே?

இல்லை. அவருக்கு முன்பே பதினெட்டு ஜெர்மன் பைபிள்கள் அச்சில் வந்துவிட்டன. சில ஆக்ஸ்பர்க் அச்சகங்களிலேயே. அவை இலத்தீனிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில் தாடி வளர்த்து ஒளிந்திருந்தபோது, கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டைச் சுமார் பதினொரு வாரத்தில் பெயர்த்தார். 1522 செப்டம்பரில் வந்த முதல் பதிப்பு தீர்ந்துபோய் டிசம்பரிலேயே மறுபதிப்பு. முழு பைபிள் 1534-இல்.

ரோமர் நிருபத்தில் 'விசுவாசத்தால்' என்பதோடு மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை அவர் சேர்த்தது பெரிய தகராறானது. 1530-இல் பதில் எழுதினார்: எப்படி ஜெர்மன் பேசுவது என்று இலத்தீன் எழுத்துகளைக் கேட்கக்கூடாது, வீட்டில் இருக்கும் தாயையும் தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் சந்தையில் நிற்கும் ஆளையும் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். இறையியலில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் பாடம் படிக்கலாம்.

'புராட்டஸ்டண்ட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1529-இல் ஸ்பையர் பேரவை லூத்தரன்களுக்கு முன்பு கொடுத்த சலுகையைத் திரும்பப் பெற்றது. சில சிற்றரசர்களும் பதினான்கு நகரங்களும் அதை எதிர்த்து முறைப்படி மறுப்பு மனு கொடுத்தார்கள். மனுவுக்கு இலத்தீனில் 'புரோட்டஸ்டாசியோ'. பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பதினான்கில் ஆக்ஸ்பர்க் இல்லை. ஊர் அப்போதே இரண்டு மனதாக இருந்தது.

போப்பை எதிர்த்தவர்கள் ஏன் ஒன்றாக நிற்கவில்லை?

வேதாகமம் மட்டுமே போதும் என்றால், அதை யார் சரியாகப் படிக்கிறார்கள் என்று யார் சொல்வது? சூரிக் நகரில் உல்ரிக் சுவிங்லி தனியாகச் சீர்திருத்தம் தொடங்கியிருந்தார். அங்கே தொடக்கம், இறைச்சி சாப்பிடக்கூடாத 1522 தவக்காலத்தில் அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் பரிமாறிய கறிச் சாசேஜ். 1529-இல் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிங்லியும் சந்தித்து, பதினைந்து விஷயங்களில் பதினான்கில் உடன்பட்டார்கள். திருவிருந்து அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறாரா, அடையாளமாகவா என்ற பதினைந்தாவதில் உடைந்தது. 'இது என் உடல்' என்ற இலத்தீன் வாசகத்தை லூத்தர் மேசையில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து நகர மறுத்துவிட்டார். அப்புறம் ஜெனீவாவில் கால்வின் வந்தார். அது மூன்றாவது கிளை.

இவர்கள் எல்லோருமே சேர்ந்து வெறுத்தது மறுஞானஸ்நானக்காரர்களை. குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்து விசுவசிப்பவருக்கே கொடுக்க வேண்டும் என்றவர்கள் அவர்கள். 1527-இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிக் நகர மன்றம் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்களும் சீர்திருத்தக்காரர்களே. 1553-இல் கால்வினின் ஜெனீவாவில், திரித்துவப் போதனையை மறுத்த மைக்கேல் செர்வெட்டஸ் எரிக்கப்பட்டார். மனச்சாட்சி சுதந்திரம் புராட்டஸ்டண்ட் இயக்கத்தோடு கூடவே பிறந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

லூத்தர் ஏழைகள் பக்கம் நின்றாரா?

1524, 1525-இல் தெற்கு ஜெர்மனி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆக்ஸ்பர்க்கிலிருந்து அதிக தூரமில்லாத மெமிங்கனில் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள்: எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், பண்ணையடிமை முறை போக வேண்டும், காட்டில் விறகு வெட்ட உரிமை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேத வசன ஆதாரம். லூத்தர் முதலில் இரண்டு தரப்பையும் கண்டித்தார். கலவரம் முற்றியதும், வெறிநாயைப்போல அடித்துக் கொல்லலாம் என்று அரசர்களுக்கு எழுதினார். செத்த விவசாயிகள் பல்லாயிரம். ஒரு லட்சம் வரை மதிப்பிடுகிறவர்களும் உண்டு. 1543-இல் யூதர்களைப் பற்றி அவர் எழுதியது அதைவிட மோசம்: ஜெப ஆலயங்களை எரிக்கச் சொல்கிறது. இதை 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்திலேயே அது அதிகம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் எல்லாம் எட்டாம் ஹென்றியின் விவாகரத்தால் வந்ததுதானா?

தொடக்கம் அதுதான். லூத்தரை எதிர்த்து எழுதியதற்காக 1521-இல் போப்பிடம் 'விசுவாசக் காவலர்' பட்டம் வாங்கியவர், 1534-இல் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மகன் எட்வர்ட் காலத்தில் புராட்டஸ்டண்ட், மகள் மேரி காலத்தில் மறுபடி கத்தோலிக்கம், எலிசபெத் காலத்தில் மறுபடி திருப்பம். மேரி ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகள் எரிக்கப்பட்டார்கள். எலிசபெத் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

சமரசம் பேச யாரும் முயலவில்லையா?

நிறைய முயன்றார்கள். 1530-இல் சார்லஸ் ஆக்ஸ்பர்க்கில் பேரவை கூட்டி, உங்கள் நிலையை எழுதிக் கொடுங்கள் என்றார். லூத்தர் சட்ட விரோதி. ஆக்ஸ்பர்க் வந்தால் பிடிப்பார்கள் என்பதால் கோபர்க் கோட்டையிலேயே தங்கிக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். எழுதும் பொறுப்பு மெலாங்க்தனுக்கு. சண்டை போடாத குணம் அவருக்கு. நாங்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை, பழைய திருச்சபையின் விசுவாசம்தான் எங்களுடையதும் என்று 28 பிரிவுகளில் எழுதினார். ஜூன் 25 அன்று ஆயரின் மாளிகையில் அதை ஜெர்மனில் உரக்க வாசித்தார்கள். இன்றும் உலகெங்கும் லூத்தரன் சபைகள் ஏற்றுக்கொள்ளும் 'ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை' அதுதான். பிரிவதற்காக எழுதியதல்ல. சேர்ந்திருக்க எழுதியது.

1541-இல் ரேகன்ஸ்பர்கில் இன்னும் நெருங்கினார்கள். போப்பின் தூதர் கர்தினால் கொந்தாரினி முன்னிலையில் புராட்டஸ்டண்ட் தரப்பில் மெலாங்க்தன், பூட்சர், கத்தோலிக்கத் தரப்பில் எக் முதலியோர் உட்கார்ந்து, எல்லாச் சண்டைக்கும் மூலமான நீதிமானாக்கப்படுதல் பற்றியே ஒரே வாசகத்துக்கு உடன்பட்டார்கள். நற்கருணையிலும் (திருவிருந்துக்குக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) திருச்சபை அதிகாரத்திலும் பேச்சு முறிந்தது. உடன்பட்ட வாசகத்தையும் ரோமும் ஏற்கவில்லை, லூத்தரும் ஏற்கவில்லை. இந்த வரலாற்றில் 'மட்டும் நடந்திருந்தால்' என்று என்னை ஏங்க வைக்கும் இடம் இதுதான்.

கத்தோலிக்கத் திருச்சபை தன்னைத் திருத்திக்கொண்டதா?

ஆமாம், தாமதமாக. 1545-இல் திரிதெந்து நகரில் பொதுச்சங்கம் கூடியபோது வந்த ஆயர்களும் பேராயர்களும் முப்பது பேர்கூட இல்லை. இடையில் பல ஆண்டுகள் நின்று நின்று 1563-இல்தான் முடிந்தது. போதனையில் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை: ஏழு அருட்சாதனங்கள், பூசை, உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் உறுதி. நடைமுறையில் கடுமையாகத் திருத்தினார்கள். ஆயர் தன் மறைமாவட்டத்தில் வாழ வேண்டும். குருக்களைப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் தொடங்க வேண்டும். காசு வாங்கிப் பலன் கொடுப்பதை 1567-இல் போப் ஐந்தாம் பியுஸ் ஒழித்தார். லூத்தர் கேட்டு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, அவர் பெயரைச் சொல்லாமல்!

இதற்கு 'எதிர்ச் சீர்திருத்தம்' என்று பாடப்புத்தகம் பெயர் வைக்கிறது. பாதிதான் சரி. 1540-இல் போப் அங்கீகரித்த சேசு சபையை எடுத்துக்கொள்ளுங்கள்: இஞ்ஞாசியார் லூத்தரை எதிர்க்க அதைத் தொடங்கவில்லை, முதலில் எருசலேம் போகத்தான் நினைத்தார். பிறகு அதே சபை ஜெர்மனியில் பள்ளிக்கூடங்கள் திறந்து, நழுவிக்கொண்டிருந்த ஊர்களை மீட்டது வேறு விஷயம்.

1555 ஆக்ஸ்பர்க் சமாதானம் மதச் சுதந்திரம் கொடுத்ததா?

அரசர்களுக்குக் கொடுத்தது. 'மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி' என்று நாம் சொல்வதைச் சட்டமாக்கினார்கள். அரசர் கத்தோலிக்கமா, லூத்தரனா என்று தேர்ந்தெடுப்பார். பிடிக்காதவர் சொத்தை விற்றுவிட்டு வேறு நாடு போகலாம். போகலாம் என்ற அந்த உரிமையே அன்று புதுசு. கால்வின் வழியினருக்கு இதில் இடமே இல்லை.

நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஹைடல்பர்கைத் தலைநகராகக் கொண்ட பாலட்டினேட் நல்ல உதாரணம். 1550-களில் லூத்தரன் ஆனது. அடுத்த அரசர் கால்வின் வழிக்கு மாற்றினார். அவர் மகன் 1576-இல் மறுபடி லூத்தரன். அவர் இறந்ததும் 1583-இல் மறுபடி கால்வின். ஒவ்வொரு முறையும் போதகர்கள் மூட்டை கட்டினார்கள்.

ஆக்ஸ்பர்க் போல இரண்டு தரப்பும் வாழ்ந்த பேரரசு நகரங்களுக்கு (சிற்றரசர் யாருக்கும் கீழே வராமல் நேராகப் பேரரசருக்குக் கீழே இருந்த ஊர்கள்) மட்டும் விதிவிலக்கு: இரண்டும் இருக்கலாம்.

இரண்டும் ஒரே ஊரில் எப்படி இருந்தன?

மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட். 1548-இல் சார்லஸ் மாற்றியமைத்த நகர மன்றத்திலோ பணக்காரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கை ஓங்கியிருந்தது. தினசரி வாழ்க்கை ஓடியது. கடைக்காரனிடம் மதம் கேட்டு யாரும் ரொட்டி வாங்குவதில்லை.

வெடித்தது நாட்காட்டியில். 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பழைய ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தி, அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்றார். கணக்கு சரி. வானியல் தெரிந்த புராட்டஸ்டண்டுகளுக்கும் அது சரி என்று தெரியும். சொன்னவர் போப் என்பதுதான் பிரச்சினை. ஆக்ஸ்பர்க் மன்றம் 1583-இல், சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் மாறிவிட்டன, சந்தை நாள் குழம்பும், வியாபாரம் கெடும் என்று சொல்லி ஏற்றுக்கொண்டது. புராட்டஸ்டண்டுகள் நீதிமன்றம் போனார்கள்; தோற்றார்கள். அவர்களின் தலைமைப் போதகர் கியோர்க் முல்லரை மன்றம் 1584 ஜூனில் நாடு கடத்த முயன்றபோது கூட்டம் திரண்டு வண்டியை மறித்து அவரை விடுவித்தது. ஊர் கலவரத்தின் விளிம்புக்குப் போனது.

பத்து நாளுக்காகவா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஈஸ்டர் எப்போது, நோன்பு எப்போது, கடையை எந்த நாள் அடைப்பது என்று மன்றம் சொல்கிறது, அதுவும் போப் சொன்னபடி. அடுத்தது பிரசங்க மேடைதானே என்று அவர்கள் பயந்ததில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பகுதிகள் புதிய நாட்காட்டிக்கு 1700-இல்தான் வந்தன, இங்கிலாந்து 1752-இல்.

முப்பதாண்டுப் போர் மதப் போர்தானா?

அப்படித்தான் தொடங்கியது. 1618-இல் பிராகாவில் பேரரசரின் கத்தோலிக்க அதிகாரிகளைப் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கோட்டை ஜன்னலிலிருந்து தூக்கி எறிந்தார்கள். (விழுந்தவர்கள் பிழைத்தார்கள். தேவதூதர் தாங்கினார் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு தாங்கியது என்றது மறு கட்சி.) 1631-இல் மாக்டபர்க் சூறையாடப்பட்டபோது சுமார் இருபதாயிரம் பேர் மாண்டார்கள். ஆனால் பின்பாதியில், ஒரு கர்தினால் ஆட்சி செய்த கத்தோலிக்க பிரான்ஸ், கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிராக லூத்தரன் ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்துப் படையும் அனுப்பியது. அதன் பிறகு அதை வெறும் மதப் போர் என்று சொல்வது கஷ்டம்.

ஆக்ஸ்பர்க் இதில் பந்து மாதிரி உதைபட்டது. 1629 ஆகஸ்ட் 8 அன்று புராட்டஸ்டண்ட் வழிபாடு தடை செய்யப்பட்டது. 1632-இல் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் ஊரைப் பிடித்ததும் அதிகாரம் புராட்டஸ்டண்டுகள் கைக்கு வந்தது. 1635-இல் பட்டினி முற்றுகைக்குப் பின் மறுபடி கத்தோலிக்கர்கள். கோயில்களை இழந்த புராட்டஸ்டண்டுகள் புனித அன்னாள் கல்லூரியின் திறந்த முற்றத்தில், மழையிலும் பனியிலும் நின்று ஆராதித்தார்கள். ஊரின் மக்கள்தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது.

1648 வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தம் ஊருக்கு ஒரு விசித்திரமான தீர்வு கொடுத்தது: எல்லாப் பதவியும் சரிபாதி. நகரத் தலைவர் இரண்டு பேர், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டண்ட். அன்பினால் வந்த ஏற்பாடு இல்லை, அலுப்பினால் வந்தது, ஆனால் நிலைத்தது. புராட்டஸ்டண்டுகள் 1650 முதல் தடை வந்த அதே ஆகஸ்ட் 8-ஐச் சமாதானத் திருவிழாவாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். இன்று அது ஊருக்கே விழா. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்குக்கு மட்டுமே உரிய பொது விடுமுறை.

இந்தப் பிரிவுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. சேசு சபையின் முதல் உறுப்பினர்களில் ஒருவரான சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். 1706-இல் டென்மார்க் அரசர் அனுப்ப, ஜெர்மன் லூத்தரன்களான சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கே அச்சாகி முடிந்தது. சேசு சபையின் வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களை மறுத்துத் தமிழில் 'வேதவிளக்கம்' எழுதினார். விட்டன்பர்க் சண்டை இருநூறு ஆண்டு கழித்துக் காவிரிக் கரையில் தமிழில் தொடர்ந்தது.

விளைவு, ஒரே மதத்துக்குத் தமிழில் இரண்டு சொல்வளம். கத்தோலிக்கருக்கு இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர்; புராட்டஸ்டண்டுக்கு அவர்களே பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு. அங்கே சர்வேசுரன், பூசை, சாமியார். இங்கே பராபரன், பிறகு தேவன், கர்த்தர், ஆராதனை, போதகர். இன்னாசிமுத்து என்று பெயர் சொன்னாலே 'ஆர்.சி.யா?' என்று கேட்பது இதனால்தான். 1995-இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு கொண்டு வந்தபின் இந்தக் கோடு கொஞ்சம் மங்கியது. அதிலும் நூல்களின் எண்ணிக்கை ஒன்றாகவில்லை: கத்தோலிக்கருக்கு 73, புராட்டஸ்டண்டுக்கு 66. லூத்தர் அந்தக் கூடுதல் நூல்களைத் தூக்கி எறியவில்லை. வாசிக்க நல்லவை, ஆனால் வேதாகமத்துக்குச் சமமல்ல என்று சொல்லி இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்தார்.

சண்டை தீர்ந்துவிட்டதா?

ஒரு பகுதி தீர்ந்தது. நீதிமானாக்கப்படுதல் பற்றி அடிப்படை உண்மைகளில் உடன்படுகிறோம் என்று வத்திக்கானும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று கையெழுத்திட்டன. ஆனால் நற்கருணையை இன்னும் ஒன்றாகப் பெற முடியாது. குருத்துவம், போப்பின் அதிகாரம் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

கையெழுத்திட்ட இடம் ஆக்ஸ்பர்கின் புனித அன்னாள் ஆலயம். 1518 விசாரணைக்கு வந்தபோது லூத்தர் தங்கியது அதை ஒட்டியிருந்த கார்மேல் மடத்தில். ஆலயம் பிறகு லூத்தரன் ஆனது. ஆனால் அதன் மேற்குக் கோடியில் உள்ள சிற்றாலயம் ஃபுக்கர் குடும்பம் கட்டியது. சீட்டுப் பணத்தில் பாதியை வாங்கிக்கொண்ட யாக்கோப் ஃபுக்கரின் கல்லறை அங்கேதான். அவர் 1521-இல் ஏழைகளுக்காகக் கட்டிய ஃபுக்கராய் குடியிருப்பும் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டு வாடகை இன்றும் 88 சென்ட். குடியிருப்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், தினமும் மூன்று செபங்களை ஃபுக்கர் குடும்பத்துக்காகச் சொல்ல வேண்டும்.